தோழியருடன் ஒரு கோப்பைத் தேநீர்

லண்டன் மாநகரில் 1906-இல் திறக்கப்பட்ட ரிட்ஸ் ஓட்டலில், பிற்பகல் வேளையில் தோழியர் கூடித் தேநீர் அருந்துவது இன்று சாதாரணக் காட்சி. மூன்றடுக்குத் தட்டில் சிறு சான்ட்விச்சுகளும், ஜாமும் பாலேடும் தடவி உண்ணும் ஸ்கோன்களும், கேக்குகளும் வரும்.

இவ்வழக்கத்தை 1840-ஆம் ஆண்டையொட்டிப் பரப்பியவர் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா மரியா என்பர். மதிய உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே எடுத்த பசியே அதற்குக் காரணமாம்! ஆயினும் அது வீட்டிற்குள் நடந்த உபசாரமே. ஆண்துணையின்றிப் பெண்கள் வெளியே சென்று உண்பதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை.

1864-இல் ஒரு ரொட்டிக் கம்பெனி லண்டனில் தேநீர்க்கடை திறந்தது. 1894-இல் லயன்ஸ் கம்பெனியும் பிக்காடிலியில் ஒன்றைத் திறந்தது. மது விற்காத இவ்விடங்களில் பெண்கள் அச்சமின்றி அமர முடிந்தது. வாக்குரிமைக்காகப் போராடிய மாதரும் தேநீர்க்கடைகளில் கூடித் திட்டமிட்டனர்.

ஆம், ஒரு கோப்பைத் தேநீர் பெண்களுக்கு ஓர் இருக்கையைப் பெற்றுத் தந்தது. அக்கோப்பைகளை நிரப்பிய இலங்கைத் தேயிலைக்குக் கொழுந்து பறித்தவர்களோ பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு அம்மேசையில் இடமில்லை. தேநீர் அருந்தும்போது அவர்களையும் நினைப்போமாக!