சினைப்பைப் புற்றுநோய்: செல்லுக்கு வெளியே இருக்கும் வலை

பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவது சினைப்பைப் புற்றுநோய். பலர் மருத்துவரிடம் வரும்போதே அது வயிற்றுக்குள் பரவியிருக்கும். இத்தனை வேகம் எப்படி? விடையில் ஒரு பகுதி, புற்றுச் செல்லுக்கு வெளியே இருக்கிறது.

ஆரணிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பட்டு நூல் ஃபைப்ராயின் என்ற புரத இழை. அதன் மேல் படிந்திருக்கும் பிசின் செரிசின். நம் உடலிலும் செல்களைச் சுற்றி இப்படி ஒரு வலை உண்டு. கொலாஜன் அதன் இழை. ஃபைப்ரோநெக்டின், லேமினின் ஆகியவை பசை. ஹையலுரோனன் நீரைப் பிடித்துவைத்து இடைவெளியை நிரப்பும். இந்த வலையின் பெயர் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ்.

சினைப்பைக் கட்டியிலிருந்து உதிரும் செல்கள் சிறு உருண்டைகளாகச் சேர்ந்து வயிற்றுக்குள் உள்ள நீரில் மிதக்கும். வயிற்றின் உட்சவ்விலோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு மடிப்பிலோ ஒட்டிக்கொண்டால் அங்கே புதிய கட்டி வளரும். ஒட்டுவதற்குப் பிடிமானம் தருவது இந்த வலைதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராம்ராய் பட் குழுவினர் இதை ஆராய்ந்தனர். முதுமையடைந்த சவ்வுச் செல்கள் பசைப் பொருட்களை அதிகம் சுரக்கின்றன. புற்றுச் செல்கள் அங்கே உறுதியாக ஒட்டுகின்றன என்று கண்டனர். கீமோதெரபி மருந்துகளும் சவ்வுச் செல்களை முதுமையடையச் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது. நோயைக் கட்டுப்படுத்த இன்றும் அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும்தான் முதன்மை வழிகள்.

2018இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்த வலை தொடர்பான 22 மரபணுக்களை அளந்து, நோயின் தீவிரத்தைக் கணிக்கும் ஒரு குறியீட்டை உருவாக்கினர். வலையைக் குறிவைக்கும் மருந்துகள் ஆய்வில் உள்ளன.

அதுவரை நம் கையில் இருப்பது விழிப்புணர்வு. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை புதிதாகத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் நீடித்தால், "வாயுத் தொல்லை" என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் அவர் சொல்வார். கருப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் இந்நோயைக் காட்டித்தராது. தாய், சகோதரி, தாயின் அல்லது தந்தையின் சகோதரிகள் எவருக்காவது மார்பகம் அல்லது சினைப்பையில் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெட்கத்தால் வலியை மறைக்கும் பெண்கள் நம் வீடுகளில் அதிகம். அவர்களிடம் கேட்க வேண்டியது நாம்தான்.