‘கல்யாணமானா சரியாகிடும்’ என்று காத்திருக்காதீர்கள்... பி.சி.ஓ.எஸ் கவனிப்பு சாப்பாட்டுத் தட்டில் தொடங்கட்டும்!

‘பொண்ணு வயசுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னும் மாசா மாசம் சரியா வர்றதில்லை’ என்று ஓர் அம்மா கவலைப்பட்டால், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். ‘அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாகிடும்.’

அரியலூர் மாவட்டத்தின் முந்திரிக்காட்டு ஊரான ஆண்டிமடம் ஆனாலும் சரி, சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனாலும் சரி, இந்தப் பதிலில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இந்த வார்த்தைதான், பல பெண்களுக்கு முக்கியமான வருடங்களை வீணாக்கிவிடுகிறது. ஏனென்றால், பி.சி.ஓ.எஸ் என்பது கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்காகப் பார்க்க வேண்டிய பிரச்னை மட்டும் இல்லை. உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதத்தோடும், ஹார்மோன்களோடும் சம்பந்தப்பட்ட, நீண்ட காலம் கூடவே வரும் பிரச்னை. பள்ளி, கல்லூரி வயதிலேயே கவனித்தால், பிற்காலத்துச் சர்க்கரைநோய் உட்பட பல சிக்கல்களைத் தள்ளிப்போடலாம். பலருக்குத் தவிர்க்கவும் முடியும்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்றும், பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவிகிதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆக, உங்கள் மகள் தனி ஆள் இல்லை. நீங்களும்தான்.

நீர்க்கட்டி... கட்டியா?

‘கர்ப்பப்பையில் நீர்க்கட்டி’ என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு வார்த்தையுமே சரியில்லை. பிரச்னை இருப்பது கர்ப்பப்பையில் அல்ல, அதன் இருபுறமும் இருக்கும் சினைப்பைகளில். ஸ்கேனில் தெரிபவை பயப்பட வேண்டிய கட்டிகளும் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அவற்றை ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டிய அவசியமும் இல்லை.

1935-ல் அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள், ஏழு பெண்களிடம் பார்த்த அறிகுறிகளை வைத்து இதைப் பற்றி எழுதினார்கள். இன்று பெரியவர்களுக்கு மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது. ஆண் ஹார்மோன் அதிகமாகி முகத்தில் ரோமம், விடாத பருக்கள் வருவது அல்லது ரத்தப் பரிசோதனையில் அது கூடுதலாக இருப்பது. ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ்.

வளரிளம் பருவப் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிமுறை. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியலாம். எனவே, பதினைந்து வயது மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பி.சி.ஓ’ என்று இருந்தால், அதைப் பார்த்தவுடன் கலங்க வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வயதுக்கு வந்த முதல் வருடம் முன்னே பின்னே வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் 21 நாளுக்கு முன்போ 45 நாளைத் தாண்டியோ வந்தாலும், மூன்று வருடங்களுக்குப் பிறகு 21 நாளுக்கு முன்போ 35 நாளைத் தாண்டியோ வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் வருடத்தைக் கடந்த பிறகு, ஒருமுறை 90 நாள்கள் வராவிட்டாலும் போக வேண்டும். 15 வயது ஆகியும் பூப்பெய்தவில்லை என்றாலும் அப்படியே. திருமணமான பெண்கள் முதலில் கர்ப்பமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வரலைன்னா தொல்லை விட்டுச்சு’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் வெளியேறாத கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பல வருடங்கள் இப்படியே விட்டால், பிற்காலத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். அந்த வாய்ப்பு மொத்தத்தில் குறைவுதான். ஆனால், மாத்திரையால் எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்றை ஏன் வளரவிட வேண்டும்?

கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலக் கருமை படர்ந்திருக்கிறதா? ‘சரியாக் குளிக்கிறதில்லை’ என்று பிள்ளையைத் திட்டி, நாரால் தேய்க்காதீர்கள். அது பெரும்பாலும் அழுக்கு அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம்.

இன்சுலின் இங்கே எங்கே வந்தது?

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். பி.சி.ஓ.எஸ் உள்ள பலருக்குப் பூட்டு இறுகிப்போயிருக்கும். அதனால் உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். கூடுதலான அந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. விளைவு... கருமுட்டை வளர்வது பாதியில் நிற்கிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, பரு, ரோமம் என்று வரிசையாக வருகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது உண்டு. ‘குண்டா இருந்தாதான் வரும்’ என்பது தவறான எண்ணம்.

சாப்பாடும் நடையும் மருந்தாக வேலை செய்வது இந்த இடத்தில்தான். இன்சுலின் தேவையைக் குறைத்தால், சங்கிலியின் முதல் கண்ணியே தளர்கிறது.

ரேஷன் அரிசி வீட்டில் என்ன செய்யலாம்?

‘டயட்’ என்றதும் ஓட்ஸ், அவகேடோ, கடையில் விற்கும் புரோட்டீன் பவுடர் என்று பயந்துவிடாதீர்கள். 2023 நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: பி.சி.ஓ.எஸ்-ஸுக்கென்று மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்த தனி டயட் எதுவும் கிடையாது. தொடர்ந்து சாப்பிடக்கூடிய, சத்துகள் சரிவிகிதத்தில் இருக்கும் சாப்பாடு போதும்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கிய நல்ல திட்டம். ஆனால், காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே தட்டை நிறைத்துவிடுகிறது. சோற்றை நிறுத்த வேண்டாம். அதன் இடத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். மீதிக் கால் பங்குதான் சோறு.

காலை: நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு முட்டை. அல்லது பச்சைப்பயறு அடை. முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல் சேர்த்துக்கொள்ளலாம்.

மதியம்: முதலில் பொரியல், கீரை, முட்டை அல்லது மீனைச் சாப்பிடுங்கள்; சோற்றை அதற்குப் பிறகு. இந்த வரிசையில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறுவது குறைகிறது. கொல்லையில் இருக்கும் முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு எல்லாமே நல்லவை. கல்லூரிக்கு டப்பா கட்டும்போது, வெறும் லெமன் சாதத்தோடு உருளை வறுவல் வைப்பதற்குப் பதிலாகக் கொண்டைக்கடலைப் பொரியலை வையுங்கள்.

மாலை: அரியலூருக்கும் விருத்தாசலத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்கு, பசி உச்சத்தில் இருக்கும் நேரம் இது. பஸ் ஸ்டாண்டு பப்ஸும் சர்க்கரை போட்ட டீயும்தான் கண்ணில் படும். ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையில் புரதம் கிடைக்கும். பையிலேயே கொடுத்து அனுப்பலாம்.

இரவு: எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்தால் நல்லது. இரண்டு தோசை, நிறைய காய் போட்ட கூட்டு போதும்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டிக்கு மாறியவர்கள் கவனிக்க... ரத்தத்தைப் பொறுத்தவரை இவையும் சர்க்கரைதான். ஜூஸைவிட முழுப்பழம் நல்லது.

கம்பங்கூழும் முந்திரியும்

‘சிறுதானியத்துக்கு மாறிட்டோம்’ என்பவர்களுக்கும் ஒரு விஷயம். சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவிகிதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்கிறது அது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் முழுக்கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரைநோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. கம்பும் வரகும் நார்ச்சத்து மிக்க நல்ல தானியங்கள்தான். ஆனால், மூன்று சொம்பு கூழ் என்பது மூன்று சொம்பு மாவுச்சத்து. ஒரு டம்ளர் கூழ், மோர், சின்ன வெங்காயம், கூடவே சுண்டல் என்று இருந்தால் சரி.

முந்திரி விளையும் ஊரில் முந்திரியை விட முடியுமா? விட வேண்டாம். பத்துப் பருப்பில் ஏறக்குறைய 90 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வறுத்து உப்பு, காரம் போட்டால் கை நிற்காது. பச்சையாகவோ லேசாக வறுத்தோ பத்து எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

வேலை வேறு, பயிற்சி வேறு

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வேகமான நடை அல்லது அதுபோன்ற உழைப்பு பெரியவர்களுக்கு வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம். வெயிலில் கொட்டை பொறுக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு தானாகவே நிறையலாம். பஸ், வகுப்பு, செல்போன் என்று உட்கார்ந்தே இருக்கும் மகளுக்கு நிறையாது.

பொழுது சாய்ந்த பிறகு பெண் பிள்ளை ரோட்டில் நடக்க முடியாத ஊர் என்றால், அம்மாவும் மகளும் சேர்ந்தே போங்கள். இல்லையா, மொட்டை மாடி, வாசல், ஸ்கிப்பிங் கயிறு, இருபது முறை உட்கார்ந்து எழுவது... எல்லாம் கணக்கில் சேரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடந்தால், தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடனே இழுத்துக்கொள்ளும். யோகாவும் உதவும். ஆந்திராவின் அனந்தப்பூரில் பி.சி.ஓ.எஸ் உள்ள 15 முதல் 18 வயது மாணவிகள் 90 பேரிடம் 12 வாரங்கள் நடந்த ஆய்வில், யோகா செய்த குழுவுக்கு ஹார்மோன் அளவுகளிலும் மாதவிலக்கிலும் நல்ல மாற்றம் தெரிந்தது.

எடை கூடுதலாக இருப்பவர்கள் ‘இருபது கிலோ இறக்கணும்’ என்று மலைக்க வேண்டாம். 5 சதவிகிதம் குறைந்தாலே பலருக்குப் பலன் தெரியும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரைக் கிலோதான். ஒல்லியாக இருப்பவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. அவர்களுக்குத் தேவை புரதமும் தசைப் பயிற்சியும். இருவருக்கும் 7 மணி நேரத் தூக்கம் முக்கியம்.

மாத்திரை எடுக்கலாமா?

உணவும் நடையும் அடித்தளம். அதனால் மாத்திரை தேவையில்லை என்று அர்த்தமில்லை. மாதவிலக்கை ஒழுங்குபடுத்த டாக்டர் தரும் ஹார்மோன் மாத்திரையால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்பது வெறும் பயம். அதேபோல, ‘எனக்கு நீர்க்கட்டி இருக்கு, கர்ப்பம் தங்காது’ என்று அசட்டையாக இருப்பதும் தவறு. பி.சி.ஓ.எஸ் உள்ள பலருக்கு இயல்பாகவே கர்ப்பம் தரிக்கிறது. தள்ளிப்போகிறவர்களுக்கும் நல்ல மருந்துகள் உண்டு.

வீடியோ பார்த்துக் கழற்சிக்காய்ப் பொடியை நீங்களாகவே கலக்கிக் குடிக்காதீர்கள். சித்த மருத்துவம் விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் வருகின்றன. ‘மீசை முளைச்சிருக்கு’ என்று அண்ணன் செய்யும் கேலி, ‘இவளை யார் கட்டுவா’ என்று பாட்டி விடும் பெருமூச்சு, பீரோவுக்குள் ஒளித்து வைக்கப்படும் ரிப்போர்ட்... இவை எல்லாமே அந்தப் பிள்ளையை இன்னும் ஒடுங்க வைக்கும். முகத்து ரோமத்தை நீக்குவதால் அது அடர்த்தியாகாது, செய்துகொள்ளட்டும். மாற்றம் தெரிய ஆறு மாதங்கள் வரை ஆகலாம் என்று சொல்லித் தைரியம் கொடுங்கள்.

மகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைத்தால், அவள் தன்னை நோயாளி என்றே நினைப்பாள். அப்பா, அண்ணன், தம்பி என எல்லோர் தட்டிலும் சோறு குறைந்து காய் கூடட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரோ, செல்போனோ, மகள் கடைசியாகக் குளித்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மூன்று மாதத் தேதிகள் கையில் இருந்தால், பாதி வைத்தியம் அங்கேயே தொடங்கிவிடும்!