மண்ணுக்குள் போனால் வரம்... மூக்குக்குள் போனால் வம்பு!
ஹைட்ரோஜெல் பவுடரைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி?

மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் வேரில் ஈரம் நிற்கும் என்ற நம்பிக்கையில் மானாவாரி விவசாயிகளும், புதிதாகத் தென்னை, மா நடுபவர்களும் வாங்கி வைக்கும் பொருள்களில் ஒன்று ஹைட்ரோஜெல். மண்ணில் போட்டால் என்ன பலன், ஏக்கருக்கு எவ்வளவு, என்ன விலை என்றெல்லாம் கடையில் விசாரிக்கிறார்கள். மண்ணில் போடும் வரை அதை எங்கே வைப்பது, எப்படிக் கலப்பது, கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. பார்வைக்கு ரவை போலவும், சர்க்கரை போலவும், சில ரகங்கள் தூள் உப்பு போலவும் இருக்கும் இந்தப் பவுடரில் பிரச்னை தொடங்குவதே அங்குதான்.

தண்ணீரைத் தேடிப் போகும் பவுடர்

ஹைட்ரோஜெல் உரமும் அல்ல, பூச்சிமருந்தும் அல்ல. இது ஒரு பாலிமர் ரெசின். பெரும்பாலான ரகங்கள் பாலிஅக்ரிலேட் என்ற வகையைச் சேர்ந்தவை. குழந்தைகளுக்குக் கட்டும் டயாபருக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கொண்டு, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீர் குடிக்கும் பொருளை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் உருவாக்கி, 1970-களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற ரகத்தை உருவாக்கியது. சுத்தமான நீரில் இது தன் எடையைப் போல 350 மடங்குக்குக் குறையாமல் உறிஞ்சும். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும்.

மீன்வலையைக் கற்பனை செய்தால் இதன் வேலை புரியும். நீண்ட இழைகள், இடையிடையே முடிச்சுகள். தண்ணீர் பட்டதும் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன. முடிச்சு இருப்பதால் வலை கரைந்து போவதில்லை. நடுவில் நீர் சிறைப்படுகிறது. வேர் உறிஞ்சும்போது அந்த நீர் மெல்ல வெளியே வருகிறது.

இந்தக் குணத்தால் பயிருக்கு லாபம். ஆனால், அது வயலில் மட்டும் வேலை செய்யும் குணம் அல்ல. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் எல்லாமே ஈரம் உள்ள இடங்கள். ஈரம் எங்கே இருந்தாலும் பவுடர் அங்கே ஒட்டி ஊதும். ஆகவே, கையாளும் முறையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மண்ணுக்குள் போகும் வரை இதற்கு ஈரத்தைக் காட்டக் கூடாது.

தூசியில்தான் ஆபத்து

பெரிய குருணை மூச்சில் போவதில்லை. மூட்டையின் அடியில் தங்கியிருக்கும் மெல்லிய தூசிதான் நுரையீரலின் ஆழம் வரை போகும். எலிகளை வைத்து நீண்ட நாள் நடந்த சோதனைகளில், இந்த நுண்தூசியைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி ஏற்பட்டது. அதனால், ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லி கிராமுக்கு மேல் இந்த நுண்தூசி இருக்கக் கூடாது என்று, இதைத் தயாரிக்கும் துறையே தன் தொழிலாளர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. நுரையீரலுக்குள் போகும் சாதாரணத் தூசிக்கு அமெரிக்காவில் உள்ள சட்ட வரம்பு 5 மில்லி கிராம். அதாவது, இது நூறு மடங்கு கண்டிப்பான வரம்பு.

ஆண்டுக்கு ஓரிரு நாள் கலக்கும் விவசாயி இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், நாள் முழுக்கப் பலருடைய வயலுக்குக் கலந்து கொடுக்கும் கூலியாட்களும், மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும் கடைக்காரர்களும் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்கு விடவே கூடாது.

ஆடிக் காற்றில் கலக்கும்போது...

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும் நேரத்தில்தான் இந்தப் பவுடருக்கும் வேலை வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், பவுடர் எம்மாத்திரம்?

• காற்று எழும்பாத விடியற்காலையில், சுவர் மறைப்புள்ள காய்ந்த இடத்தில் கலக்க வேண்டும்.

• தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதாது. நுண்தூசி அதில் புகுந்துவிடும். என்-95 முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காய்ந்த கையுறை தேவை.

• முதலில் சலித்த காய்ந்த மண்ணைப் பரப்பி, அதன் மேல் பவுடரைத் தாழ்வாகப் பிடித்துக் கொட்டி, மேலே மறுபடி மண் போட்டு மூடிய பிறகே புரட்ட வேண்டும். 1 கிலோ பவுடருக்கு 10 கிலோ மண் என்பது வசதியான அளவு. உயரத்திலிருந்து மூட்டையைக் கவிழ்க்கக் கூடாது. காலி மூட்டையை உதறவும் கூடாது.

• தூசி பறந்தால் தண்ணீர் தெளித்து அடக்குவது நம் பழக்கம். இங்கே அது ஆகாது. தெளித்த இடமெல்லாம் கூழாகிவிடும்.

• உயிர் உரத்தை வடிகஞ்சியில் குழைத்து விதைநேர்த்தி செய்திருந்தால், விதையை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே இந்தக் கலவையுடன் சேர்க்க வேண்டும். ஈர விதையில் பவுடர் ஒட்டினால் விதைகள் கட்டி கட்டியாகச் சேர்ந்து, விதைப்புக் கருவியை அடைத்துவிடும்.

• விதைச் சாலிலோ நடவுக் குழியிலோ போட்டு உடனே மண் மூட வேண்டும். மேலாகக் கிடக்கும் பவுடர் முதல் மழையில் கூழாகி, அடுத்த வெயிலில் நீரைக் காற்றில் விட்டுவிடும். பலன் பூஜ்ஜியம்.

• 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது. குழியில் அளவு மீறினால் ஜெல் ஊதி, மண்ணையும் கன்றையும் மேலே தள்ளும். வேருக்குக் காற்றும் குறையும்.

வேலை முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பவுடரை முதலில் உலர்ந்த துணியால் தட்டி விட்டு, பிறகே கழுவ வேண்டும். கண்ணில் விழுந்தால் தேய்க்கக் கூடாது. இமையைத் திறந்து பிடித்து, பதினைந்து நிமிடம் சுத்தமான நீரை விட்டுக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கே வைப்பது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் இருக்கும் ஈரமே இந்தப் பவுடரைக் கட்டியாக்கப் போதும். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, மூடியுள்ள டிரம்முக்குள் வைப்பது நல்லது. டிரம் தரையில் நேரடியாக நிற்காமல் மரப்பலகை மீது, சுவரை ஒட்டாமல் நிற்க வேண்டும். ஓடு ஒழுகும் மூலையும், மோட்டார் ரூமும் வேண்டாம். ஒரே பெரிய மூட்டையாக வைத்துத் திறந்து திறந்து மூடுவதைவிட, ஒரு ஏக்கருக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து வைத்தால் ஈரமும் ஏறாது, தூசியும் குறையும்.

உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த உரம் பவுடரில் இறங்கினால், அதன் உறிஞ்சும் சக்தி அங்கேயே குறைந்துவிடும். அடுப்பு, பீடி, வெல்டிங் பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. காய்ந்த நுண்தூசி காற்றில் மிதக்கும்போது தீப்பிடிக்கக்கூடியது.

சமையலறை, மாட்டுக் கொட்டகை... இரண்டும் வேண்டாம்!

அதிக எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். தண்ணீரில் ஊதும் இந்த வகைப் பாலிமரால் செய்த வண்ண மணிகளை விழுங்கிய குழந்தைகளுக்குக் குடல் அடைத்து, அறுவை சிகிச்சை வரை போன சம்பவங்கள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எக்ஸ்ரேயில் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால், குழந்தை எதை விழுங்கியது என்று பெற்றோர் சொல்லாவிட்டால், மருத்துவர் கண்டுபிடிக்க நாளாகும்.

ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, சர்க்கரை டப்பா என்று எதிலும் மிச்சப் பவுடரைப் போட்டு வைக்கக் கூடாது. பொட்டலத்தின் மேல் 'இது சாப்பிடும் பொருள் அல்ல' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு இருக்கும் இடத்தில் வைத்தால், இருட்டில் கை மாறிவிடும்.

குழந்தை விழுங்கிவிட்டால், வாயில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் தண்ணீர், பால் புகட்டவும் கூடாது. வாந்தி, வயிறு உப்புசம், சாப்பிட மறுப்பது ஆகியவை அபாய அறிகுறிகள். மாடோ ஆடோ தின்றுவிட்டால், 1962-ல் கால்நடை மருத்துவரை அழைக்கலாம்.

கொட்டிவிட்டால்..?

தரையில் கொட்டிய பவுடரைத் தண்ணீர் விட்டுக் கழுவினால், சிமென்ட் தரை எண்ணெய் கொட்டியது போல வழுக்கும். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிய அது போதும். சாக்கடைக்குள் போன பவுடர் ஊதி அடைத்துக்கொள்ளும். காய்ந்த நிலையிலேயே மெதுவாகக் கூட்டி அள்ள வேண்டும். ஏற்கெனவே நனைந்துவிட்டால், கல்லுப்பைத் தூவலாம். ஜெல் சுருங்கி நீரை விட்டுவிடும். பிறகு கரண்டியால் வழித்துக் குப்பையில் போடலாம். உப்பு கலந்த அந்தக் கூழை வயலில் போடக் கூடாது.

வாங்கியதும் ஒரு சோதனை

3 லிட்டர் மழைநீரில் 5 கிராம் பவுடரைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டி எடை போட வேண்டும். ஒன்றே முக்கால் கிலோ ஜெல் கிடைத்தால், அது 350 மடங்கு. அதே அளவை போர் தண்ணீரிலும் செய்து பார்க்க வேண்டும். தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடக் கூட ஜெல் குறையும்; நல்ல உப்பு நீரில் 100 மடங்குக்கும் கீழே போகலாம். அப்படி இருந்தால், அந்த நிலத்துக்கு இந்தச் செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும். மழைநீரில் செய்த ஜெல்லை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

வழக்கமாக எழும் கேள்விகள்

போன வருஷப் பவுடர் கட்டி தட்டிவிட்டது. மிக்ஸியில் அரைத்துப் பயன்படுத்தலாமா?
அரைக்கவே கூடாது. அரைத்தால் மூச்சில் போகும் தூசிதான் கிடைக்கும். கட்டிகளைக் கையால் உதிர்த்து, உதிராததை அப்படியே மரக்கன்றுக் குழியில் போட்டு மூடலாம். மேலே சொன்ன சோதனையைச் செய்து, சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டயாபரைப் பிரித்து, அதில் உள்ள பவுடரைச் செடிக்குப் போடலாமா?
வேண்டாம். டயாபரில் இருப்பது சோடியம் உப்பு வகை. விவசாயத்துக்குப் பொட்டாசியம் வகையையே விரும்புகிறார்கள். தொடர்ந்து போட்டால் மண்ணில் சோடியம் சேரும். பயன்படுத்திய டயாபர் என்றால் நோய்க்கிருமியும் சேர்ந்து வரும்.

சொட்டுநீர் டேங்கில் கலந்து விடலாமா?
கூடாது. ஃபில்டரும் டிரிப்பர்களும் அடைத்துக்கொள்ளும். கிணற்றில் கொட்டினாலும் ஃபுட்வால்வு வரை தொல்லை கொடுக்கும்.

கடையில் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?
என்ன வகைப் பாலிமர், தயாரித்த தேதி, பாதுகாப்புத் தகவல் தாள் ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். ஒரே சத்துள்ள இரண்டு ரகம் இருந்தால், மாவு போன்றதை விட்டுக் குருணையாக இருப்பதை வாங்கலாம். பேரும் தேதியும் இல்லாத பொட்டலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.