விழிவறட்சி நோய்

விழிவறட்சி நோய் அல்லது சீரோப்தால்மியா என்பது உயிர்ச்சத்து ஏ குறைபாட்டினால் கண்ணில் ஏற்படும் பாதிப்புகளின் தொகுப்பாகும். விழித்திரை ஒளியை உணர இவ்வுயிர்ச்சத்து தேவை என்பது பலரும் அறிந்ததே. கண்ணின் மேற்பரப்பை ஈரமாகவும் தெளிவாகவும் பேணுவதற்கும் இது இன்றியமையாதது. சிறுவர்களுக்கு ஏற்படும், தடுக்கக்கூடிய பார்வையிழப்பின் முதன்மைக் காரணங்களுள் இந்நோயும் ஒன்று.

செயற்பாடு

உயிர்ச்சத்து ஏ உடலில் ரெட்டினோயிக் அமிலமாக மாற்றப்படுகிறது. இவ்வமிலம் உயிரணுக்களின் கருவினுள் உள்ள ஏற்பிகளுடன் இணைந்து மரபணுக்களின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. இதனால், விழியின் வெண்பகுதியை மூடியுள்ள மெல்லிய சவ்வில் சளி சுரக்கும் உயிரணுக்கள் உருவாகின்றன. இச்சளியே கண்ணீரை விழியின் மீது சீராகப் பரவச் செய்கிறது. ஒளிபுகும் முன்படலமான கார்னியாவில் குருதிக்குழாய்கள் இல்லை. எனவே அதன் மேற்புற உயிரணுக்களுக்கு இவ்வுயிர்ச்சத்து கண்ணீர் வழியாகவும் கிடைக்கிறது.

குறைபாட்டின் படிநிலைகள்

- மாலைக்கண்: மங்கிய ஒளியில் பார்வை குன்றும்.
- சவ்வு வறட்சி: சளி சுரக்கும் உயிரணுக்கள் குறைந்து, மேற்பரப்பு தோலைப் போன்று கெரட்டின் புரதத்தால் தடிக்கும்.
- பிட்டோ புள்ளிகள்: வெண்விழியில் நுரை போன்ற திட்டுகள் தோன்றும்.
- கார்னியா வறட்சி: முன்படலம் பளபளப்பை இழக்கும்.
- கார்னியா நைவு: படலம் புண்ணாகி உருகும். சில நாட்களிலேயே பார்வை நிலையாக இழக்கப்படலாம்.

புண் தோன்றும் முன் உயிர்ச்சத்து அளிக்கப்பட்டால் வறட்சி பெரும்பாலும் நீங்கிவிடும். புண் ஆழமானால் தழும்பு எஞ்சும். தட்டம்மை உடலிலுள்ள இருப்பை விரைந்து குறைப்பதால், அந்நோய் கண்ட குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி.

டென்மார்க் நிகழ்வு

முதலாம் உலகப்போர்க் காலத்தில் டென்மார்க் பெருமளவில் வெண்ணெயை ஏற்றுமதி செய்தது. ஏழைக் குழந்தைகள் கொழுப்பு நீக்கிய பாலையும் மார்கரினையும் உண்டனர். அவர்களிடையே இந்நோய் பரவியதைக் கோபன்ஏகன் மருத்துவர் கார்ல் புளோக் பதிவு செய்தார். 1917 இறுதியில் வெண்ணெய் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டு ஏழைகளுக்கும் எட்டியது. 1918இல் நோய் ஏறத்தாழ மறைந்தது.

தடுப்பு

ஈரல், முட்டை மஞ்சட்கரு, பால் ஆகியவற்றில் உயிர்ச்சத்து ஏ உள்ளது. முருங்கைக்கீரை, மாம்பழம், பப்பாளி, கேரட் ஆகியவற்றிலுள்ள கரோட்டின் உடலில் இவ்வுயிர்ச்சத்தாக மாறுகிறது. இது கொழுப்பில் கரைவதால், உணவில் சிறிதளவு எண்ணெய் சேர்ப்பது உறிஞ்சலுக்கு உதவும். குறைபாடு பரவலாக உள்ள பகுதிகளில் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு முறை 1,00,000 பன்னாட்டு அலகும், 12 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு 4-6 மாதங்களுக்கு ஒருமுறை 2,00,000 அலகும் அளிக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அளவுக்கு மீறினால் இது நச்சாகும் என்பதால், மருத்துவ அறிவுரையின்றி மிகுஅளவு மருந்துகளை உட்கொள்ளலாகாது.