வில்லன் இல்லாத திரில்லர்: ‘வைரஸ்’ படம் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி

சென்னீர்குப்பத்தில் ஒரு ஞாயிறு இரவு. இஷா தொழுகைக்குப் பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, முந்தின நாள் அந்த வீட்டார் பார்த்த ஒரு மலையாளப் படத்தின் பக்கம் பேச்சு திரும்பியது. ஆஷிக் அபு இயக்கி 2019 ஜூன் 7 அன்று வெளியான ‘வைரஸ்’. 2018-இல் கோழிக்கோட்டை உலுக்கிய நிபா நோயைப் பற்றிய திரில்லர்.

ஆளுக்கொரு கருத்து. கல்லூரியில் படிக்கும் மகன், “நல்லாத்தான் இருக்கு ஹஜ்ரத், ஆனா கடைசி வரைக்கும் வில்லனே வரலையே!” என்றான். அவன் அக்கா, “டாக்டருங்க மட்டும் அத்தனை பேர். யாரு யாருன்னு புரியறதுக்குள்ள பாதிப் படம் போயிடுது” என்றாள். அவர்களின் அம்மாவுக்கு அந்த நர்ஸ் இறக்கும் காட்சியைத் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாராம். வீட்டின் பெரியவர் மட்டும் சற்றுக் கோபமாகவே கேட்டார்: “நோயைக் கொண்டு வர்றவன் பேரு மட்டும் ஏன் நம்ம பேரா இருக்கணும்?”

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற விவாதத்தை நாம் இங்கே திறக்கவில்லை. நம் பிள்ளைகள் இத்தகைய படங்களைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்பதுதான் நடைமுறை. பார்த்துவிட்டு மனதில் எதை வைத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் கவலை. குறிப்பாக, பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

உண்மையில் நடந்தது என்ன?

நிபா புதிய நோய் அல்ல. 1998-99-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடம் முதலில் வெடித்தது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே நோய்க்கும் பெயரானது. பழந்தின்னி வௌவால்களின் உடலில் இந்தக் கிருமி இயல்பாகவே வாழ்கிறது. பாதிக்கப்படுவோரில் 100-க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

2018 மே மாதத் தொடக்கத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஒரு முஸ்லிம் குடும்பத்து இளைஞர் காய்ச்சலில் இறந்தார். அடுத்த சில நாட்களில் அவர் அண்ணனுக்கும், அத்தாவுக்கும், உறவினரான ஒரு பெண்மணிக்கும் அதே காய்ச்சல். தனியார் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், ஒரே வீட்டில் மரணங்கள் அடுத்தடுத்து நேர்வதைக் கவனித்துச் சந்தேகப்பட்டார்கள். மாதிரிகள் மணிப்பாலுக்குப் போயின. பிறகு புனே ஆய்வகமும் நிபாவை உறுதி செய்தது. 18 பேருக்கு நோய் ஆய்வகத்தில் உறுதியானது. முதலில் இறந்த இளைஞரின் மாதிரி சோதிக்கப்படவே இல்லை. அவரையும் சேர்த்து 17 பேர் மரணமடைந்தார்கள். இருவர் மட்டுமே பிழைத்தார்கள்.

அந்த இளைஞருக்கு பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணிவிடை செய்த நர்ஸ் லினி புதுச்சேரியும் மே 21 அன்று இறந்தார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். குடும்பத்தார் முகம் பார்க்கக்கூட வழியின்றி அவர் உடல் உடனே எரியூட்டப்பட்டது. அந்த அம்மா பார்க்க முடியாமல் எழுந்து போன காட்சிக்குப் பின்னால் இருப்பது இந்த லினியின் வாழ்க்கைதான்.

பெரியவரின் கோபத்தில் இருந்த நியாயம்

படத்தில் முதலில் நோய்வாய்ப்படும் இளைஞனின் பெயர் ஸக்கரிய்யா. உண்மையிலும் முதல் குடும்பம் முஸ்லிம் குடும்பம்தான் என்பதால், இதைப் படக்குழுவின் விஷமம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரியவரின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும்.

2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் இஜ்திமாவுக்குப் போய் வந்தவர்களிடம் கொரோனா பரவியது தெரிந்தபோது, நோய்க்கு மதம் ஒட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் என்னென்ன வந்தன என்பதை நாம் மறக்கவில்லை. பழ வண்டிக்காரரின் பெயரைக் கேட்ட பிறகே பழம் வாங்கினார்கள். பல மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 2020-இல், மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் கருத்துத் தெரிவித்தது. தீர்ப்பு வந்தது. ஆனால் வதந்தி போன வேகத்தில் தீர்ப்பு எல்லோரிடமும் போய்ச் சேரவில்லை.

அதே ஆண்டு மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியது. சந்தையை மூடி, நம் பக்கத்துத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அப்போது யாரும் காய்கறி வியாபாரிகளின் சாதியையோ மதத்தையோ கேட்கவில்லை. நெருக்கடியான இடம், அதனால் பரவியது என்று சரியாகவே புரிந்துகொண்டார்கள். இஜ்திமாவில் நடந்ததும் அதேதான்: நெருக்கடியான இடம். ஒன்றில் காரணத்தைத் தேடினார்கள், மற்றதில் குற்றவாளியைத் தேடினார்கள்.

இப்போது ‘வைரஸ்’ படத்துக்கு வருவோம். இது உயிரி ஆயுதத் தாக்குதலாக இருக்குமோ என்ற சந்தேகம் படத்திலும் எழுகிறது. ஸக்கரிய்யாவின் நடமாட்டம், அவன் யாரைச் சந்தித்தான் என்பதெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகின்றன. படத்தில் வரும் இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். எந்த வரிசையில் நின்றார்கள், எந்த வராந்தாவில் காத்திருந்தார்கள், எந்தக் கட்டிலின் பக்கத்தில் இருந்தார்கள் என்று கண்ணிகளைக் கோக்கிறார். முடிவில் சந்தேகம் விழுந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் ஸக்கரிய்யா செய்வது ஒன்றே ஒன்று: கீழே விழுந்து கிடக்கும் ஒரு வௌவால் குஞ்சைக் கையில் எடுக்கிறான். அவ்வளவுதான். அவனும் நோயால் இறந்த ஒருவன். நோயை ஏவியவன் அல்ல.

அந்த வௌவால் காட்சி கற்பனை. உண்மையில் அந்த இளைஞருக்கு நோய் எப்படித் தொற்றியது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்களை முதலில் சோதித்தபோது கிருமி இல்லை. அவை பூச்சி தின்னும் வகை. பிறகு அப்பகுதியின் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோதுதான் கிருமி கிடைத்தது. முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் ஊர் முழுக்க வதந்தி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நாமும் வில்லனைத் தேடியவர்கள்தான்

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படியும், ஊகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகும்படியும் அல்லாஹ் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் நமக்குக் கட்டளையிடுகிறான். அந்த வசனங்களைப் பிறர் நம்மை நடத்தும் விதத்தைப் பற்றிப் பேச மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம். நம்மை நோக்கியும் திருப்ப வேண்டும்.

2020 ஜனவரியில் சீனாவில் நோய் பரவியபோது, அது அல்லாஹ்வின் தண்டனை என்று ‘ஃபார்வர்டு’ செய்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். இரண்டே மாதத்தில் அதே விரல் நம்மை நோக்கித் திரும்பியது. சூர்யா நடித்து 2011-இல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்தில் சீனாவிலிருந்து ஒருவர் வந்து இங்கே நோயைப் பரப்புவார். கொரோனா காலத்தில் பலர் அதைப் பார்த்து, அன்றே சொல்லிவிட்டார்கள் என்றார்கள். அது சினிமாவுக்காகப் படைக்கப்பட்ட வில்லன் என்பதே மறந்துபோனது.

நம் தெருக்களில் தொற்று வந்த வீட்டில் தகரம் அடித்தபோது, எதிர்வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாம் பார்த்தோம். வந்தவர் குணமாகித் திரும்பிய பிறகும் ஸலாம் சொல்லத் தயங்கியவர்கள் உண்டு. பேராம்பிரா மருத்துவமனை நர்ஸ்களும் பேருந்தில் ஒதுக்கப்பட்டார்கள். பயம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

எச்சரிக்கை வேறு, வெறுப்பு வேறு. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேற வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை ஹதீஸ்களில் படிக்கிறோம். கொள்ளைநோயில் இறக்கும் இறைநம்பிக்கையாளருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று சொன்னவர்களும் அவர்களே. விலகி நிற்கவும் வேண்டும்; அந்த நோயாளியை மதிக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் மார்க்கம்.

மையித்துக்குச் செய்ய வேண்டிய கடமை

படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி, இறந்தவர்களை அடக்கம் செய்வது. நமக்கு அதுவே முக்கியமாகப் பட்டது. உண்மையில் கோழிக்கோடு மாநகராட்சியின் சுகாதார அதிகாரி டாக்டர் ஆர்.எஸ். கோபகுமார், இறந்தவர்களில் 12 பேரின் இறுதிச் சடங்குகளை முன்நின்று நடத்தினார். உறவினர் நெருங்க முடியாத நிலையில், அவரவர் முறைப்படி நடக்க அவர் துணை நின்றார். முதலில் இறந்த இளைஞரின் அத்தா கோழிக்கோட்டின் கண்ணம்பரம்பு கபரஸ்தானில் பத்தடி ஆழக் குழியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். எரித்தால்தான் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு அங்கே அறிவியல்பூர்வமாகவே பதில் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கை இதைக் காதில் வாங்கவில்லை. நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பிப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு என்ன ஆறுதல் தரும்?

நம் பகுதியிலும் நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரியூட்டவிடாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களில் சென்னையில் இன்னொரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் தாக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான், இறுதிச் சடங்கைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நாட்களில் தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தார்கள், எரியூட்டவும் உதவினார்கள். நம்மைப் பற்றிப் பரப்பிய வதந்திக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

குளிப்பாட்டுவதால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொன்னால் தயம்மும் செய்யலாம்; அதற்கும் வழியில்லாவிட்டால் அந்தக் கடமை தளர்த்தப்படும் என்பது உலமாக்கள் தரும் விளக்கம். கஃபன் இல்லை, குளிப்பு இல்லை என்று யாரும் குற்ற உணர்வில் வாட வேண்டியதில்லை.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

வௌவாலோ பறவையோ கடித்த பழத்தை, கடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடக் கூடாது. முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மற்ற பழங்களை நன்றாகக் கழுவித் தோல் நீக்கிச் சாப்பிடலாம். கீழே கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தொடக் கூடாது. காய்ச்சலோடு குழப்பமோ மயக்கமோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2018-இல் நோய் பெரும்பாலும் மருத்துவமனை வராந்தாக்களில்தான் பரவியது. எனவே நோய் விசாரிக்கக் கூட்டமாகப் போவதைத் தவிர்த்து, கைப்பேசியில் விசாரித்து துஆ செய்வதும் நோய் விசாரிப்புதான். வௌவால்களைக் கொல்லக் கிளம்புவதும் தவறு. விரட்டப்பட்டால் அவை வேறு மரத்துக்குப் போகுமே தவிர, கிருமி போகாது.

விடைபெறும்போது அந்தக் கல்லூரி மாணவனிடம் சொன்னோம்: “வில்லன் இல்லாததுதான் தம்பி அந்தப் படத்துல உண்மையான விஷயம். அடுத்த தடவை ஏதாவது நோய் வந்து, ‘இவன்தான் கொண்டு வந்தான்’னு உன் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அது யாரைப் பத்தினதா இருந்தாலும் அனுப்பாதே.” அவன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. “நம்மளப் பத்தி வந்தா?” என்றார். “அப்பவும் பதிலுக்கு இன்னொருத்தரைக் காட்ட வேண்டாம் பாய்” என்றோம். சற்று யோசித்துத் தலையசைத்தார்.

நோய்களிலிருந்தும், நோயைவிட வேகமாகப் பரவும் பழிகளிலிருந்தும் அல்லாஹ் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும் காப்பானாக! ஆமீன்.