நடந்து வரும் வீடு! நாய்கள்தான் காவல்!

வீடு ஊர் ஊராகப் போகுமா?

போகும். வாலிகண்டபுரம் பக்கம் அறுவடை முடிந்த காட்டில் அதைப் பார்க்கலாம். அதற்கு முன்னால், ஒரு சீமைக் கதை கேளுங்கள்.

டாக்டரின் வண்டி

1885-ம் ஆண்டு. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர் இங்கிலாந்தில் இருந்தார். கடற்படையில் வேலை பார்த்தவர். சிறுவர்களுக்குக் கதை எழுதியவர்.

அவருக்கு ஓர் ஆசை. ஊர் சுற்ற வேண்டும். ஆனால் விடுதியில் தங்கக் கூடாது!

என்ன செய்தார் தெரியுமா? வீடு போலவே ஒரு வண்டி கட்டச் சொன்னார். படுக்கையும் சமையலும் அதற்குள்ளேயே! இரண்டு குதிரைகள் இழுத்தன. வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர். 'ஊர் சுற்றி' என்று பொருள். கூடவே ஒரு பெரிய நாயும் போயிற்று. இப்படியே ஸ்காட்லாந்து வரை போய் விட்டார்!

பிறகு குதிரை போய், கார் வந்தது. இன்று மேல்நாடுகளில் கணவனும் மனைவியும் காருக்குப் பின்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாய்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். பிடித்த இடத்தில் நிறுத்திச் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். இது உல்லாசப் பயணம்.

நம் ஊரிலும் கணவனும் மனைவியும் இப்படிப் போகிறார்கள். நாய்களும் போகின்றன. ஆனால் இது உல்லாசம் அல்ல, பிழைப்பு. அவர்கள்தான் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள்.

வாலி கண்ட ஊர்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது வாலிகண்டபுரம். வாலி வந்து சிவபெருமானை வணங்கிய ஊர் என்பார்கள். இங்கே வாலீசுவரர் கோயில் இருக்கிறது.

சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அறுவடை முடிந்ததும் காடு வெறுமையாகக் கிடக்கும். அப்போது ஆட்டுக்காரர்களுக்கு அழைப்பு வரும்.

ஆட்டுக்காரர் தோளில் தொரட்டியைப் போட்டுக்கொண்டு மந்தையோடு நடப்பார். மந்தையில் 'திருச்சி கருப்பு' ஆடுகள் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, இந்தச் சீமைக்கே உரிய செம்மறி இனம்.

மனைவிக்கு வேலை குறைவா? இல்லை! சட்டி, பானை, பாய், அரிசி எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். நடக்க முடியாத குட்டிகளைத் தூக்கி வர வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று கல் கூட்டி உலை வைக்க வேண்டும். முன்பு தலைச்சுமையாகவும் கழுதை மேலும் போன சாமான்கள் இப்போது சின்ன சரக்கு வண்டியில் போவதும் உண்டு. இறக்கி வைத்த இடம்தான் வீடு, வானம்தான் கூரை.

தூங்காத காவல்

பொழுது சாய்ந்ததும் படலோ வலையோ கட்டி ஆடுகளை அடைப்பார்கள். குட்டிகளுக்குத் தனிக் கூடு. பிறகு நாய்களுக்குச் சோறு.

இவை நம் நாட்டு நாய்கள். ஆட்டுக்காரர் குடிக்கும் கஞ்சிதான் இவற்றுக்கும். நரி வந்தாலும், திருடன் வந்தாலும், வெறி பிடித்த தெரு நாய் வந்தாலும் முதல் குரல் இவற்றின் குரல்தான். மனிதர் கண் அயரலாம், நாய்கள் அயருவதில்லை. அந்த நாய்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வைப்பது நாய்க்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

ஓர் இரவின் விலை

கிடை போடுவதால் நிலத்துக்கு என்ன லாபம்?

ஆட்டு எருவில் நூற்றுக்கு 3 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து, 2 பங்கு சாம்பல் சத்து உண்டு. சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து அரைப் பங்குதான்! கிடை போட்டால் புழுக்கையோடு மூத்திரமும் நிலத்தில் சேரும். வண்டி வைத்து எரு அடிக்கும் செலவும் இல்லை. ஒவ்வோர் இரவும் கிடையை இடம் மாற்றினால் காடு முழுவதும் உரம் பரவும்.

'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று பெரியவர்கள் சொன்னது வீண் பேச்சு அல்ல. ஆனால் ஒன்று: கிடை கிளம்பியதும் மேலாக உழுதுவிட வேண்டும். வெயிலில் காய விட்டால் சத்து வீணாகும்.

1751-ல் இந்த வட்டாரத்தில் பெரிய படைகள் வந்து இறங்கின. ஒரு பக்கம் ஆங்கிலேயர். மறு பக்கம் பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாகிப். படை தங்கிய நிலம் பாழாகும். ஆட்டுக்காரர் தங்கிய நிலம் விளையும்!

அவர்கள் கஷ்டம்

கிடைக்கு முன்பு தானியமாகக் கூலி கிடைத்தது. இப்போது பணமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கின்றன. மழைக் காலத்தில் கொசு போன்ற சிறு பூச்சி கடித்து நீலநாக்கு நோய் வரும். ஆட்டுக்கொல்லி நோயும் உண்டு. மந்தையில் நோய் புகுந்தால் குடும்பத்தின் முதலே போய்விடும். தடுப்பூசிதான் காப்பு.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, பிள்ளைகளின் படிப்பு. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. கூடவே அழைத்து வந்தால் படிப்பு நின்றுவிடும். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவராவது இருந்தால் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

மந்தை சாலையைக் கடந்தால் வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஆடு மிரளும். கிணற்றுத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள். பேசிய கூலியைப் பேசியபடி கொடுங்கள்.

டாக்டர் ஸ்டேபிள்ஸ் ஊர் சுற்றினார், புத்தகம் எழுதினார். நம் ஆட்டுக்காரரும் அவர் மனைவியும் புத்தகம் எழுதுவதில்லை. அவர்கள் வந்து போனதற்கு அடுத்த போகத்தில் நிற்கும் பயிரே சாட்சி!