இருட்டை வென்ற லென்சுகள்

1950-ம் ஆண்டு ஜூன் மாதம். இடம்: டோக்கியோ.

அமெரிக்காவின் "லைப்" பத்திரிகைக்குப் படம் எடுக்கும் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது அங்கே இருந்தார். ஜுன் மிக்கி என்ற ஜப்பானிய இளைஞர் அவரை அறை வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். லென்சு ஜப்பானில் செய்தது என்று தெரிந்ததும் டங்கனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் ஜப்பான் சாமான் என்றால் மலிவுச் சரக்கு, போலிச் சரக்கு என்றுதான் உலகம் முழுவதும் பேச்சு.

படத்தைக் கழுவிப் பெரிதாக்கிக் கொண்டுவந்து காட்டினார் மிக்கி. டங்கனின் சிரிப்பு நின்றது. அவ்வளவு துல்லியம்!

டங்கனும், ஹொரேஸ் பிரிஸ்டல் என்ற இன்னொரு போட்டோகிராபரும் அந்த லென்சு செய்த நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்கே போனார்கள். தங்களிடம் இருந்த ஜெர்மன் லென்சுகளையும் ஜப்பான் லென்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். பிறகு தங்கள் லைக்கா கேமராக்களுக்கு நிக்கார் லென்சுகளை வாங்கிக் கொண்டார்கள். நிக்கான் என்ற பெயரை இன்று அறியாதவர் இல்லை. நிக்கார் அந்தக் கம்பெனியின் லென்சுதான்.

அந்த ஜூன் 25-ந்தேதி கொரியப் போர் மூண்டது. டங்கன் அதே லென்சுகளுடன் போர்முனைக்குப் போனார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்து, எந்த லென்சில் எடுத்தது என்று நியூயார்க்கில் விசாரித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையே ஜப்பான் லென்சுகளைப் பற்றி எழுதியது.

அதன் பிறகு ஜப்பானில் ஒரு போட்டி தொடங்கியது. யார் லென்சு அதிக வெளிச்சத்தை வாங்கும் என்ற போட்டி. சுமார் 10 ஆண்டு நடந்தது.

ஊறுகாய் பாட்டில் மூடி போல

ஜெர்மன் கேமராவில் ஜப்பான் லென்சு எப்படிப் பொருந்தியது?

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனி இருந்தது. மைக்ராஸ்கோப்பு செய்து பெயர் வாங்கிய கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் என்பவர், சினிமா பிலிமைப் போட்டு எடுக்கும் சின்னக் கேமரா ஒன்றைச் செய்தார். 1925-ல் விற்பனைக்கு வந்தது. அதுதான் லைக்கா. பிறகு அதன் லென்சைத் திருகிக் கழற்றி வேறு லென்சு மாட்ட வசதி செய்தார்கள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுவது போலத்தான்.

1931-ல் இருந்து எல்லா லைக்கா கேமராவுக்கும் ஒரே மரை. குறுக்களவு 39 மில்லி மீட்டர். அங்குலத்துக்கு 26 மரை. லேத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால் புருவத்தை உயர்த்துவார்கள். குறுக்களவு மில்லி மீட்டரில், மரை அங்குலக் கணக்கிலா? ஆம். மைக்ராஸ்கோப்பு லென்சுகளின் மரையும் அந்த நாளில் அங்குலக் கணக்கில்தான் வெட்டப்பட்டது. சில ஊர்களில் இதே 39 மில்லி மீட்டருக்கு ஒரு மில்லி மீட்டர் கணக்கில் மரை வெட்டினார்கள். அது லைக்காவில் ஒன்றிரண்டு சுற்றுப் போகும். பிறகு இறுகி நிற்கும்.

போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் காப்புரிமைகள் காற்றில் பறந்தன. ஜப்பானில் கேனன், நிக்கா, பிரிட்டனில் ரீட் என்று லைக்காவைப் பார்த்துக் கேமரா செய்தவர்கள் பலர். ரஷியர்கள் காப்புரிமைக்குக் காத்திருக்கவே இல்லை. கார்க்கோவில் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த தொழிற்கூடத்தில் 1934-லேயே "பெட்" என்ற பெயரில் நகல் செய்யத் தொடங்கிவிட்டார்கள்!

எல்லாவற்றுக்கும் வாய் ஒன்றுதான். ஆகவே ஒரு நாட்டு லென்சு இன்னொரு நாட்டுக் கேமராவில் ஏறியது. கேமரா செய்யாத கம்பெனிகூட லென்சு மட்டும் செய்து விற்கலாம் என்ற நிலை வந்தது.

எண் சின்னது, வெளிச்சம் பெரியது

லென்சின் நெற்றியில் 1:2, 1:1.5 என்று ஓர் எண் இருக்கும். இது "எப்" எண். லென்சின் குவியத் தூரத்தை அதன் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வருவது. 50 மில்லி மீட்டர் லென்சில் திறப்பு 25 மில்லி மீட்டர் என்றால் எப் 2. எண் குறையக் குறைய வாய் அகலம். வாய் அகன்றால் வெளிச்சம் அதிகம்.

பழைய லைக்காவில் வந்தது எப் 3.5. எப் 1.1 லென்சு அதைவிட 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். அதாவது, பழைய லென்சில் கால் வினாடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில், இதில் 40-ல் ஒரு பங்கு வினாடி போதும். குழந்தை அசைந்தாலும் படம் கலங்காது. பிளாஷ் விளக்கு வேண்டாம். எதிரே இருப்பவர் விறைத்துப் போகாமல் இயல்பாக இருப்பார்.

இதன் அருமையை முதலில் காட்டியவர் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர். 1928-ல் கோர்ட்டுக்குள் தொப்பியில் கேமராவை ஒளித்துக்கொண்டு போய், விசாரணையைப் படம் பிடித்தவர் அவர். அவருடைய எர்மனாக்ஸ் கேமராவின் பெரிய லென்சை உருவாக்கிய லுட்விக் பெர்ட்டலே, 1932-ல் சைஸ் கம்பெனிக்காக எப் 1.5 சொனார் லென்சைத் தந்தார். லைட்ஸ் சும்மா இருக்குமா? 1936-ல் செனான் என்ற பெயரில் தானும் ஒரு 1.5 லென்சை வெளியிட்டது. பிறகு போர் வந்தது. ஜெர்மனியர் அந்த 1.5-லேயே நின்றுவிட்டார்கள்.

(சாலமன் யூதர். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.)

"மூளை"

1953-ல் உலகத்திலேயே முதலாவதாக லைக்கா மரையில் எப் 1.1 லென்சு விற்பனைக்கு வந்தது. செய்தது நிக்கானும் அல்ல, கேனனும் அல்ல. டைக்கோக்கு கோகாகு என்ற சின்னக் கம்பெனி. சக்குத்தா சுசுகி என்பவருடையது. லென்சுக்கு அவர் வைத்த பெயர் "சூனோ". ஜப்பானிய மொழியில் மூளை என்று அர்த்தம். பிறகு கம்பெனியின் பெயரே சூனோ ஆகிவிட்டது.

சொனாரை அடியொற்றி, 9 கண்ணாடித் துண்டுகளை உருட்டித் தேய்த்துச் செய்த லென்சு அது. முதலில் வந்த லென்சுகளில் பின்பக்கக் கண்ணாடி பிங்-பாங் பந்தைப் பாதியாக அறுத்து ஒட்டியது போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு அதைத் தட்டையாக்கி மாற்றினார்கள்.

சின்னக் கம்பெனி முந்திக்கொண்டால் பெரிய கம்பெனிகளுக்குப் பொறுக்குமா? 1954-ல் பியூஜி எப் 1.2 லென்சு போட்டது. கொனிஷிரோக்கு 60 மில்லி மீட்டரில் எப் 1.2 ஹெக்சனான் செய்தது. 1956-ல் கேனனின் 1.2 வந்தது. அதே ஆண்டு நிப்பான் கோகாகு 1.1-ஐத் தொட்டது. அதில் லாந்தனம் என்ற அருமண் கலந்த புதுக் கண்ணாடி இருந்தது. நிக்கார் 1.1 பெரும்பாலும் நிக்கானின் சொந்தக் கேமராவுக்கே போயிற்று. மரை வைத்தது மிகக் குறைவு.

1961-ல் கேனன் கடைசி அடி அடித்தது. எப் 0.95! ஒன்றுக்கும் கீழே. மனிதக் கண்ணைவிட 4 மடங்கு வெளிச்சம் என்று விளம்பரம் செய்தார்கள். கண்ணோடு லென்சை எப்படி ஒப்பிட்டார்களோ, அது விளம்பரக்காரர்களுக்கே வெளிச்சம்.

வாய் போதவில்லை

கணக்குப் போட்டுப் பாருங்கள். எப் 0.95 என்றால் 50 மில்லி மீட்டர் லென்சின் திறப்பு சுமார் 53 மில்லி மீட்டர். கேமராவின் வாயோ 39 மில்லி மீட்டர்தான். முன்பக்கம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பின்பக்கம் அந்த வளையத்துக்குள் அடங்க வேண்டும். 1.1, 1.2 லென்சுகளை எப்படியோ அடக்கிவிட்டார்கள். 0.95 அடங்கவில்லை. ஆகவே கேனன்-7 என்ற புதுக் கேமராவில், உள்ளே பழைய மரை, வெளியே இன்னொரு பூட்டு என்று இரண்டு வைத்தார்கள். பெரிய லென்சு வெளிப்பூட்டில் மாட்டும்.

அப்போதும் ஒரு தொல்லை. இந்த வகைக் கேமராவில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் உருவம் இரண்டாகத் தெரியும். லென்சைத் திருப்பி, இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்போது கிளிக் செய்ய வேண்டும். இதற்கு "ரேஞ்ச் பைண்டர்" என்று பெயர். லென்சின் பின்பக்கம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளும்; அந்தத் தள்ளலில்தான் உருவம் நகரும். கேனனின் ராட்சதக் கண்ணாடி அந்த நெம்புகோலுக்கு இடம் விடவில்லை. என்ன செய்தார்கள்? பாடுபட்டுத் தேய்த்த பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தை வெட்டி எடுத்து வழி விட்டார்கள்!

எடை சுமார் 600 கிராம். கேமராவின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எப் 1.1-ல் முழுவதும் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் இரண்டரை சென்டி மீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். நெம்புகோல் முடியளவு பிசகினால் கண்ணும் போய்விடும். படத்தின் மூலையில் தெரு விளக்கு வந்தால் அது புறா சிறகு விரித்தது போல நீளும். வெள்ளைச் சட்டையைச் சுற்றி ஒரு புகை வளையம் தெரியும். இவை எல்லாம் லென்சின் குறைகள்தான்.

தோற்கடித்தது யார்?

இந்த லென்சுகளை வேறொரு லென்சு தோற்கடிக்கவில்லை. ஒரு பிலிம் ரோல் தோற்கடித்தது.

கோடாக் கம்பெனியின் டிரை-எக்ஸ் பிலிம் 1954-ல் சின்னக் கேமராவுக்கு வந்தது. அதற்கு முன் வேகம் 100 என்றாலே பெரிய விஷயம். இந்தப் பிலிமின் வேகம் 1960-களில் 400 என்று குறிக்கப்பட்டது. 400 வேகப் பிலிமில் சாதாரண எப் 2 லென்சு செய்யும் வேலையை, 100 வேகப் பிலிமில் செய்ய எப் 1 லென்சு வேண்டும். பிலிமின் விலையை யோசித்தார்கள். லென்சின் விலையை யோசித்தார்கள். முடிவு உங்களுக்கே தெரியும்.

போதாததற்கு 1959-ல் நிக்கான்-எப் வந்தது. லென்சு வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் கேமரா. இரண்டு உருவத்தைப் பொருத்தும் வேலையே இல்லை. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

சூனோவும் 1958-ல் அப்படி ஒரு கேமரா செய்து பார்த்தது. புதுமை பல இருந்தன. ஆனால் வெளிவந்தவை சில நூறுதான். 1961-ல், கேனன் 0.95 லென்சை வெளியிட்ட அதே ஆண்டில், எப் 1.1-ஐ முதலில் தொட்ட அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

இன்று லட்சம்!

இன்று டிஜிட்டல் கேமராவில் இருட்டிலும் படம் விழுகிறது. ஆனால் இந்தப் பழைய லென்சுகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஓர் இணைப்பு வளையம் வாங்கினால் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களில் மாட்டிவிடலாம். திரையில் பார்த்தே தெளிவு சரி செய்யலாம். பிசகும் நெம்புகோல் தொல்லை இல்லை. சூனோ 1.1, நிக்கார் 1.1, கேனன் 0.95 எல்லாம் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள்? அந்தப் புகை வளையத்துக்காக! அந்தப் புறாச் சிறகுக்காக!

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு ரஷியாவின் ஜூபிட்டர்-3 இருக்கிறது. போருக்குப் பின் ஜெர்மனியில் இருந்து எடுத்துச் சென்ற சைஸ் சொனாரின் நகல், எப் 1.5, அதே 39 மில்லி மீட்டர் மரை. விலை பல மடங்கு குறைவு. ஆனால் பழைய லைக்காவில் மாட்டிக் கிட்டத்தில் எடுத்தால் தெளிவு சற்றுத் தள்ளி விழும். ரஷிய அளவு ஒன்று, லைக்கா அளவு இன்னொன்று. தூரத்தில் எடுத்தால் தெரியாது.

எதை வாங்கினாலும் லென்சை டார்ச் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. மும்பை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்சுக்கு அது சீக்கிரம் வந்துவிடும். பின்பக்கம் புடைத்த பழைய சூனோ கிடைத்தால், பந்தின் மேல் கீறல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூடி போடாமல் மேசைமேல் வைத்தால் உரசுவது அதுதான்.